கம்பளி நூல் பெட்டி

எங்கள் வீட்டுத் தறிக்குழியில் எப்போதும் ஈரம். மழைக்காலத்தில் மிதிக்கட்டை வழுக்கும். கோடையில்கூடக் காலை இறக்கினால் சில்லென்று இருக்கும். பட்டுக்கு அந்த ஈரம் நல்லது. இழை அறாது. உட்காருகிறவர்களுக்கு நல்லதில்லை.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் கழித்து நடந்தது இது. என் பெண்டாட்டிக்கு இருமல் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கோர்வைப் புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கும் இடது கரைக்கும் குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவை நான் விடுவேன். வலது கரை நாடா அவள் கையில். என் பக்கத்திலேயே, அதே ஈரத்தில் உட்கார்ந்திருப்பாள். இருமல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், தறியில் நீளமாக ஓடும் பாவு நூலில் எச்சில் படக்கூடாதென்று. அப்புறம் நாடாவை எடுப்பாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். ஈரமில்லாத வீடாகப் பார்க்கச் சொன்னார். காற்று வேண்டும், வெயில் வேண்டும் என்றார். க்ஷயமா என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "இப்படியே இருந்தா அடுத்த மழை தாங்காது" என்றார்.

"தனியா இன்னா சொன்னாரு?" என்று வழியில் கேட்டாள்.

"வெயில்லே குந்தச் சொன்னாரு."

"அதை என்னாண்ட சொன்னா ஆகாதாமா?"

அவளை வெயில் ஓரமாக நடக்கவிட்டேன். 

எங்கள் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான். எந்த வீட்டுக்குக் குடி போனாலும் அங்கேயும் ஒரு குழி இருக்கும். தறி இல்லாத வீட்டில் நெய்கிறவனுக்கு என்ன வேலை.

அவள் அண்ணன் ரயில் ரோட்டில் கேங் ஆள். தண்டவாளத்துக்கு ஜல்லி தட்டுவது, கட்டை மாற்றுவது அவர் வேலை. ஏனாத்தூரிலிருந்து ஒரு நாள் வந்தார். ஊருக்கு வெளியே வயல் நடுவில், ரயில் ரோட்டை வண்டிப்பாதை கடக்கிற இடத்தில் ஒரு கேட். அங்கே இருந்த ஆள் வயசாகி வேலையை விட்டு நிற்கப் போகிறார். வேலையோடு வீடு உண்டு.

"மேட்டு மேலே கல் வீடு. சுத்தி வயலு. காத்துன்னா அப்படி ஒரு காத்து மாப்ளே, வெச்ச சட்டியைத் தூக்கிக்கினு போவும்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டுப் பேர் மனுப் போட்டிருந்தார்கள். என்னோடு ஒன்பது. அடுத்த வெள்ளிக்கிழமை ரயில்வே துரை சலூன் என்கிற தன் தனி வண்டியில் வந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்.

"கேள்வி எல்லா தபாவும் ஒண்ணுதான்" என்றார் மச்சான். "பதிலுதான் ஆளுக்கு ஆள் தப்பாப் போவுது. நான் சொல்லித் தரேன்."

"உனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"நானே ரெண்டு தபா போயி நின்னவன்தானே."

"ரெண்டு தபா தோத்தவன் சொல்லிக் குடுத்துப் போனா மூணாவது தபா இவரு தோப்பாரு."

"தோத்தவனுக்குத்தாம்மா எங்க தோத்தோம்னு தெரியும்" என்றார். கோபித்துக்கொள்ளவில்லை.

எனக்கு அதிகம் பேச வராது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. முதலாளி வீட்டில் போய் நின்றாலும் புடவையை வைப்பேன், பாவை வாங்குவேன், வந்துவிடுவேன். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் வேலை எனக்கு அதுவரை வரவில்லை.

தறியை நிறுத்தவும் முடியாது. அதனால் தறியிலேயே படித்தோம். அவள் கரை நாடாவை விடும்போது கேள்வி கேட்பாள். நான் மிதியை மாற்றி மிதிக்கும்போது பதில் சொல்வேன். அவளுக்கும் மூச்சு கொஞ்சம்தான். அதனால் கேள்வியைச் சின்னதாக ஆக்கிக்கொண்டாள்.

"குடிப்பியா?"

"இல்லீங்க."

"படிப்பியா?"

"தமிழ் படிப்பேன். கையெழுத்துப் போடுவேன்."

"ரயிலு வருது. தண்டவாளத்திலே மாடு நிக்குது. இன்னா செய்வே?"

"மாட்டை ஓட்டுவேன்."

அவள் நாடாவை நிறுத்திவிட்டாள். "அண்ணன் இன்னா சொல்லிச்சு? முதல்லே செவப்புக் கொடி. கொடியை எடுத்துக்கினு ரயிலு வர பக்கம் ஓடணும். மாடு அப்புறம்."

"மாடு செத்துடுமே."

"உன்னை மாட்டுக்கா வேலைக்கு வைக்கறாங்க?"

கலெக்டர் வண்டி வந்து நின்று, கேட்டைத் திற என்று அதட்டினால் திறக்கக் கூடாது. சலாம் போடலாம். திறக்கக் கூடாது. அது ஒரு பதில். தூங்குவாயா என்றால், பகலில் ஆள் மாறிய பிறகு தூங்குவேன் என்று சொல்ல வேண்டும். தூங்கவே மாட்டேன் என்றவனை அனுப்பிவிட்டார்களாம். அது மச்சான் முதல் தடவை சொன்ன பதில்.

ஒரு கேள்விக்கு மட்டும் மூன்று நாள் ஆனது. தறியை விட்டு ஏன் வருகிறாய்.

தறி பிடிக்கவில்லை என்றால், நாளைக்குக் கேட் வேலையும் பிடிக்காது என்பார்கள். கஷ்டம் என்றால், கஷ்டப்படாத எவன் இங்கே வருகிறான் என்பார்கள். உண்மையைச் சொல்ல முடியாது. நோயாளியைக் குடி வைக்க ரயில்காரன் வீடு கட்டவில்லை. கேங் வேலையை விட்டு ஏன் வருகிறாய் என்று கேட்டபோதுதான் மச்சானுக்கு இரண்டாவது தடவை போனது. நாக்கு ஒட்டிக்கொண்டு சும்மா நின்றாராம்.

மூன்றாம் நாள் அவளே சொன்னாள். "ஒரே இடத்திலே குந்திக்கினு, நேரம் தப்பாம, கண்ணை எடுக்காம செய்யற வேலை தறி. கேட் வேலையும் அதே மாதிரிதான், எனக்குக் கை வந்த வேலைன்னு சொல்லு."

நல்ல பதில். பொய்யும் இல்லை.

கடைசிக் கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது. மச்சான் அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். வீட்டில் யாருக்காவது நோவு உண்டா என்று கேட்பார்கள். இருந்தால் வீடு தர மாட்டார்கள்.

அதை அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள், மாட்டைப் பற்றிக் கேட்ட மாதிரி.

"உன் பொண்டாட்டிக்கு ஒடம்பு எப்படி?"

நான் மிதியை மாற்றவில்லை.

"சொல்லுய்யா."

"நல்லா இருக்கா."

"தரையைப் பாக்காம சொல்லு."

"நல்லா இருக்கா."

அப்போது அவளுக்கு இருமல் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருமல் நெடுநேரம் நிற்கவில்லை. நான் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பியதும், "இன்னொரு தபா" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போனேன். கூட்ஸ் ஷெட் பக்கம் சலூன் வண்டி தனியாக நின்றது. பத்து மணி வண்டி அதை இழுத்துக்கொண்டு போய்விடும் என்றார்கள். ஒன்பது பேரும் வரிசையாக நின்றோம். நான் ஐந்தாவது.

உள்ளே மேஜைக்குப் பின்னால் துரை. அவர் பக்கத்தில் ரைட்டர், துரை கேட்பதைத் தமிழில் சொல்லவும் நாங்கள் சொல்வதை இங்கிலீஷில் சொல்லவும். மூலையில் மூக்குக்கண்ணாடி போட்ட நம்மவர் ஒருவர், மடியில் ஒரு மரப்பெட்டியோடு. அவர் ரயில்வே டாக்டர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பேர், ஊர், வயசு. அதெல்லாம் வந்தது. "தறியை விட்டு ஏன் வரே?" என்றார் ரைட்டர்.

பதில் வாய்க்குள் இருந்தது. வெளியே வரவில்லை. தறியில் மிதித்துக்கொண்டே சொன்ன பதில். இங்கே மிதி இல்லை. கையில் நாடா இல்லை. ரைட்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மச்சான் நின்ற மாதிரியே நிற்கிறேன் என்று தெரிந்தது. வலது காலை மெல்லத் தூக்கி மிதித்தேன். அப்புறம் இடது. பதில் வந்துவிட்டது.

"கால் ஏன் ஆடுது? பயமா?"

"தறிக்காலுங்க."

ரைட்டர் சிரிக்கவில்லை. துரையிடம் சொன்னார். துரை கொஞ்சம் சிரித்தார்.

குடி, படிப்பு, தூக்கம், கலெக்டர், மாடு. ஒவ்வொன்றாக மிதித்துச் சொன்னேன். பிறகு மச்சான் சொல்லாத ஒன்றைத் துரை கேட்டார். ரைட்டர் அதைச் சொல்வதற்குமுன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பெருமாள் ஊர்கோலம் வருது. கேட்டண்ட வந்துடுச்சு. ஜனங்க அத்தனை பேரும் திறன்னு சொல்றாங்க. ரயிலும் வருது. யாருக்கு வழி விடுவே?"

இந்த ஊரில் பெருமாளை நிறுத்தினவன் கிடையாது. ரயிலுக்கு என்று சொன்னால் ரைட்டரே என்னை மதிக்க மாட்டார். அவர் நெற்றியில் நாமம் இருந்தது. பெருமாளுக்கு என்றால் துரை அனுப்பிவிடுவார்.

இரண்டு தரம் மிதித்தேன்.

"ரயிலு போறவரைக்கும் கேட் மூடித்தான் இருக்கும். பல்லக்குத் தூக்கறவங்க தோள் மாத்திக்குவாங்க. எப்படியும் எங்கயாவது நின்னு மாத்தணும் இல்லீங்களா."

ரைட்டர் அதை இங்கிலீஷில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். துரை தலையாட்டினார். முடிந்தது என்று நினைத்தேன். நோவைப் பற்றிக் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று இருந்தது.

அப்போதுதான் மூலையில் இருந்தவர் பெட்டியைத் திறந்தார். மச்சான் இரண்டு தடவையும் கேள்வியோடு வெளியே வந்தவர். கேள்விக்கு அப்புறம் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

பெட்டி நிறையக் கம்பளி நூல். விரல் நீளத்துக்குச் சுருட்டிக் கட்டின சின்னச் சின்னச் சிட்டம். நூறுக்குமேல் இருக்கும். எல்லா நிறமும் கலந்து கிடந்தது. அதில் வெளிர்பச்சை ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தார்.

"இது போல இருக்கறதெல்லாம் எடுத்து இதுங்கிட்ட வை."

எனக்கு மனசு லேசாகிவிட்டது. நூல் பார்ப்பதுதானே என்று குனிந்தேன்.

ஒன்றை எடுத்தேன். மஞ்சள் தூக்கலாக இருந்தது. வைத்துவிட்டேன். இன்னொன்றில் நீலம் கூட. இன்னொன்று அதே சாயம்தான், ஆனால் ஒரு முக்கு அதிகம் முக்கியது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் ஒரு தடவை இரண்டு சாயத்தொட்டியில் முக்கிய பச்சையை ஒரே புடவையில் ஊடையாக விட்டுவிட்டேன். வீட்டுக்குள் ஒன்றாகத்தான் தெரிந்தது. முதலாளி வெயிலில் பிரித்தார். உடலில் ஒரு முழத்துக்கு வரி. ஒரு வார்த்தை பேசாமல் புடவையை என் மடியில் போட்டார். அதற்கப்புறம் நிறம் ஒன்று என்று நான் சுலபமாகச் சொன்னதில்லை.

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேங்க. இது போல எதுவும் இல்லே."

ரோஜா நிறம் ஒன்று வைத்தார். அதற்கும் பார்த்தேன். அதற்கும் இல்லை. சிவப்பு வைத்தார். கிட்டத்தில் ஒன்று இருந்தது, ஆனால் அதுவும் சேராது. இல்லை என்றேன்.

டாக்டர் துரையிடம் இரண்டு வார்த்தை சொன்னார். துரை காகிதத்தில் ஒரு கோடு இழுத்தார்.

"போ" என்றார் ரைட்டர்.

வெளியே வந்து நின்றேன். கோடு எதற்கு என்று தெரியவில்லை. ஆறாவது ஆள் உள்ளே போய்ச் சீக்கிரம் வந்துவிட்டான்.

"பச்சையெல்லாம் பொறுக்கி ஒரு குவியல், செவப்பெல்லாம் ஒரு குவியல். அவ்வளவுதாம்பா. உனக்கு?"

"ஒண்ணுமில்லேன்னு சொன்னேன்."

"அவ்ளோ பச்சை இருக்குது, ஒண்ணுகூடவா தெரியல? கண்ணு அவிஞ்சு போச்சா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். பச்சைக்கொடி தெரியாதவனைக் கேட்டில் வைக்க மாட்டார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்குப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் குழியில் காலை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். என்ன கேட்டார்கள் என்பாள். கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன், நூலில் தோற்றேன் என்று சொல்ல வேண்டும். நெய்கிற நாங்கள் நூலில் தோற்றோம் என்று.

போகவில்லை. ஒன்பதாவது ஆள் இறங்கும்வரை நின்றேன். பத்து மணி வண்டி வந்துவிட்டது. சலூனை மாட்ட எஞ்சின் பின்னால் வந்துகொண்டிருந்தது. நான் படியேறினேன்.

"திரும்ப ஏன்யா வரே?" என்றார் ரைட்டர்.

"டாக்டரைப் பாக்கணுங்க."

"மருந்துக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போ."

"நூலு பாக்கணும்."

டாக்டர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். நான் அன்றைக்குப் பேசினதுபோல் அதற்கு முன்னும் பேசவில்லை, பின்னும் பேசவில்லை.

"பச்சையெல்லாம் எடுன்னா எடுத்துடுவேங்க. இது போல எதுன்னீங்க. நான் பட்டு நெய்யறவன். ஒரு முக்கு கூட இருந்தா எனக்கு அது வேற நிறம். சேருதுன்னு சொல்ல வாய் வரல."

"வெளியே நாலு பேரைக் கேட்டுக்கினு வந்து சொல்றே" என்றார் டாக்டர்.

அது நியாயம். நான் கேட்டுத்தான் இருந்தேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பெட்டியைத் திறந்து இரண்டு பச்சையை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். "இது ரெண்டும்?"

"வேற. உங்க இடது கையிலே இருக்கறது மஞ்சள் தூக்கல்."

ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். துரையைக் கூப்பிட்டுக் காட்டினார். துரை உதட்டைப் பிதுக்கினார். டாக்டர் திரும்பி நின்று ஒன்றில் முடிச்சுப் போட்டார். முடிச்சை விரலுக்குள் மறைத்துக்கொண்டு, "மஞ்சள் எது?" என்றார். காட்டினேன். விரலைத் திறந்தார். மறுபடி திரும்பி மாற்றினார். காட்டினேன். மூன்றாவது தரம் பெட்டிமேல் குனிந்து அவசரமாக மாற்றினார்; கை ஒரு தரம் சட்டைப் பக்கம் போய் வந்தது. இரண்டு கையையும் பார்த்தேன்.

"ரெண்டுமே மஞ்சள் இல்லீங்க. அதை நீங்க பைக்குள்ளே வெச்சிட்டீங்க."

டாக்டர் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுங்கியது. எஞ்சின் மாட்டிவிட்டார்கள். துரை காகிதத்தில் போட்ட கோட்டின்மேல் என்னமோ எழுதினார்.

நான் படிக்குப் போகும்போது டாக்டர் சும்மா பேசுகிற மாதிரி கேட்டார். "பிள்ளைங்க இருக்குதா?"

"இல்லீங்க. பெண்டாட்டி மட்டும்."

"அவங்களுக்கு உடம்பு எப்படி?"

கால் மிதிக்கவில்லை. ஆனாலும் பதில் வந்தது.

"நல்லா இருக்கா."

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் நூலைப் பார்த்த மாதிரி பார்த்தார். பிறகு, "இறங்கு, வண்டி கிளம்புது" என்றார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. தை மாசம் கேட்டுக்குக் குடி போனோம். மச்சான் சொன்ன காற்று உண்மைதான். முதல் நாளே முறத்தைக் கொண்டுபோனது. அவள் வெயிலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்காருவாள். இருமல் போகவில்லை. குறைந்தது. மழை வந்தது. தாங்கினாள்.

மழை விட்ட பிறகு ஒரு நாள் காலையில் தண்டவாளத்தில் டிராலி வந்தது. கேட்டுக்குக் கேட் அம்மை குத்திக்கொண்டு வருகிறார்கள். இறங்கினவர் அதே டாக்டர். என்னைத் தெரிந்துகொண்டார். எனக்குக் குத்திவிட்டு ஊசியைத் துடைத்தார்.

"பெண்டாட்டிக்கு உடம்பு எப்படி?"

வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் இருமினாள். அடக்கப் பார்த்து, முடியாமல் இரண்டு தரம். டாக்டர் ஊசியைத் துடைப்பதை நிறுத்தினார். அவர் ஒரு வரி எழுதினால் வீடு போகும். மறுபடி குழிதான்.  கால் தானாக மிதித்தது. அதற்கும் பதில் வரவில்லை.

அவளே வெளியே வந்தாள். வாசல்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேள்வி கேட்கிற அதே குரலில் சொன்னாள்.

"நல்லா இருக்கேங்க."

"எவ்வளவு நாளா?"

"இங்க வந்ததிலேர்ந்து."

டாக்டர் அவளைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். வீட்டின் ஜன்னலைப் பார்த்தார். கையை நீட்டச் சொல்லி அவளுக்கும் குத்தினார். பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கொடியைக் காட்டு."

பச்சைக்கொடியைப் பிரித்தேன். முன்னால் இருந்தவர் காலத்துக் கொடி. வெயிலில் வெளுத்து நைந்திருந்தது.

"இது என்ன நிறம்?"

"பச்சைங்க."

"அன்னைக்கு இது பெட்டியிலே இருந்திருந்தா சேராதுன்னு சொல்லியிருப்பே."

"ஆமாங்க."

நோட்டில் எழுதினார். அதிகமாகவே எழுதினார். கொடிக்கு அத்தனை எழுத வேண்டுமா என்று நினைத்தேன். டிராலியில் ஏறிப் போய்விட்டார்.

அப்புறம் ஒன்பது நாள். ஒவ்வொரு வண்டிக்கும் கேட்டைச் சாத்திக்கொண்டு நின்றேன், வண்டியின் கார்டு காலி செய்யச் சொல்லும் காகிதத்தை வீசுவாரா என்று. அவள் பாத்திரங்களை வெளியே பரப்பாமல் மூட்டை கட்டுகிற மாதிரியே ஒரு மூலையில் வைத்திருந்தாள். 

பத்தாம் நாள் கார்டு ஒரு பொட்டலத்தை வீசினார். உள்ளே இரண்டு பச்சைக்கொடி, ஒரு சிவப்புக்கொடி. காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று உதறிப் பார்த்தேன். வேறு எதுவும் இல்லை.

அவள் இரண்டு பச்சையையும் வாங்கி வெயிலில் பிரித்தாள். ஒன்றன்மேல் ஒன்றைப் போட்டாள். விரலால் தடவிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணில்லேய்யா. இது வேற தொட்டி."

"ரயிலுக்கு ஒண்ணுதான்" என்றேன்.

அவள் சுருட்டிக் கொடுத்தாள். மூலையில் இருந்த பாத்திரங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பலகைமேல் வைத்தாள்.